டாக்டர் என்னும் மருந்து

1950களின் லண்டன். டாவிஸ்டாக் கிளினிக்கில் வாரந்தோறும் பொது மருத்துவர்கள் சிலர் வட்டமாக உட்காருவார்கள். அழைத்தவர் ஹங்கேரியில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட். குறிப்பேடு கிடையாது, மனதை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றி ஒருவர் நினைவிலிருந்தே பேசுவார், மற்றவர்கள் துருவுவார்கள். நோயைவிட, அந்த நோயாளி டாக்டருக்குள் கிளப்பிய எரிச்சலும் இரக்கமுமே அலசப்பட்டன.

1957இல் வந்த நூலில் பாலிண்ட் துணிந்து சொன்னார்: பொது மருத்துவத்தில் அதிகம் புழங்கும் மருந்து டாக்டரேதான், அதன் அளவும் பக்கவிளைவும் எந்தப் பாடநூலிலும் இல்லை.

பின்னர் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரி மாணவர்களையும் இப்படியே உட்காரவைத்தார். இத்தகைய அலசல் விரிவுரை மண்டபத்தில் நடக்காது, அதற்குச் சிறு குழு வேண்டும்.

1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகமும் தன் முதல் 20 மருத்துவ மாணவர்களைச் சிறு குழுக்களாக்கியது. அங்கே அலசப்பட்டது டாக்டரின் மனமல்ல, நோயாளியின் பிரச்சினை.