கடைசி இடம் இல்லாத ஓட்டம்

2004-ஆம் ஆண்டு பால் சின்டன்-ஹெவிட்டுக்கு நல்லபடியாக அமையவில்லை. வேலை போயிருந்தது. மாரத்தான் பயிற்சியில் பட்ட காயம் ஆறாமல், மாதக்கணக்கில் ஓடவே முடியாது என்ற நிலை. மனச்சோர்வோடு முன்பே மல்லுக்கட்டியவர் அவர். லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் குடியிருந்த அவருக்கு, ஓட்டக் கிளப்பில் கிடைத்தவர்கள்தான் நெருங்கிய நண்பர்கள். சேர்ந்து ஓடி வளர்ந்த நட்பு அது. ஓட்டம் நின்றுவிட்டால் அவர்களைப் பார்ப்பதும் நின்றுபோகும்.

அவர் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். அங்கே ஓட்டக் கிளப்புகளில் வாரம் ஒரு நாள், குறித்த தூரத்தை ஓடி நேரம் பார்க்கிற வழக்கம் உண்டு. பந்தயம் என்று சொல்ல முடியாது. பரிசு கிடையாது, கூட்டம் கிடையாது. போன வாரத்தைவிட இந்த வாரம் எப்படி என்று பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். லண்டனில் அப்படி ஒன்று இல்லையே என்று அவருக்கு வெகுநாளாகக் குறை. தான் ஓட முடியாவிட்டால் என்ன, மற்றவர்கள் ஓடட்டும், நேரத்தை நான் குறிக்கிறேன், முடிந்ததும் எல்லோரும் காப்பி குடிக்கப் போகலாம் என்று நண்பர்களைக் கூப்பிட்டார்.

2004 அக்டோபர் 2, சனிக்கிழமை. டெடிங்டனை ஒட்டிய புஷி பார்க்கில், காலை ஒன்பது மணிக்கு 13 பேர் ஓடினார்கள். ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். மான்கள் திரியும் பழைய அரச பூங்கா அது. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைத் தளபதி ஐசன்ஹோவரின் தலைமையகம் அதற்குள்தான் இருந்தது. ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்தவர்களின் நேரத்தைக் காகிதத்தில் எழுதினார்கள். எத்தனையாவதாக வந்தோம் என்று காட்ட, ஹார்டுவேர் கடையில் வாங்கிய இரும்பு வாஷர்களில் எண் பொறித்துக் கையில் கொடுத்தார்கள். இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கும் ‘பார்க்ரன்’ இப்படித்தான் பிறந்தது. அந்தப் பெயர் அன்று இல்லை. ‘புஷி பார்க் டைம் ட்ரையல்’ என்றுதான் அழைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 13 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு, அது எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதற்குத் தாவிவிடுகிறார்கள். என் கண்ணில் படுவது அந்த ஐந்து. ஓட முடியாத ஒருவர், ஓடுகிறவர்கள் நடுவே தனக்கு ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டு நின்ற இடம் அது. ஓடாதவனுக்கும் அங்கே வந்து நிற்க ஒரு காரணம் இருந்தது. பார்க்ரன் பிறகு செய்த நல்ல காரியங்கள் எல்லாவற்றுக்கும் வித்து இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமையும் நடந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும். பனியோ மழையோ, ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி. ஊர்க்கூட்டங்கள் எதனால் கரைகின்றன என்று பார்த்தால், பாதிக்கு மேல் “இந்த வாரம் இருக்கிறதா?” என்ற கேள்வியில் கரைகின்றன. நாள் மாறும், இடம் மாறும், ஒருவர் தொலைபேசி எடுக்காவிட்டால் எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். புஷி பார்க்கில் அந்தக் கேள்விக்கே வேலை இல்லாமல் போனது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அந்த ஒரே பூங்காவில்தான் நடந்தது. 2007 ஜனவரியில்தான் விம்பிள்டனில் இரண்டாவது இடம் தொடங்கியது. ஒரு இடத்தில் வேர் பிடிக்கும்வரை அடுத்த இடத்தைத் தேடாத இந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்தது. 2008-இல் ‘பார்க்ரன்’ என்ற பெயர் வந்தது.

கூட்டம் பெருகியபோது, காகிதத்திலும் வாஷரிலும் சமாளித்த வேலை வேறு வடிவம் எடுத்தது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஏற்பாடு இது. வருகிறவர் ஒரே ஒரு முறை பெயர் பதிந்துகொண்டால் போதும், அவருக்கு ஒரு பார்கோடு கிடைக்கும். எந்த ஊர்ப் பூங்காவிலும், எந்த நாட்டிலும் அதே பார்கோடுதான். ஓடி முடிக்கிற இடத்தில் கூம்புகளும் கயிறும் வைத்து, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிகிற மாதிரி ஒரு சந்து அமைப்பார்கள். கோட்டைத் தாண்டும் ஒவ்வொருவருக்கும் ஒருவர் ஸ்டாப்வாட்சை ஒரு முறை அழுத்துவார். சந்தின் கோடியில் இன்னொருவர் வந்த வரிசைப்படி எண்ணிட்ட டோக்கனைக் கொடுப்பார். மூன்றாமவர் டோக்கனையும் பார்கோடையும் ஸ்கேன் செய்வார். இத்தனையாவதாக வந்தவரின் நேரம் என்ன என்று ஒரு பட்டியல், இத்தனையாவதாக வந்தவர் யார் என்று இன்னொரு பட்டியல். இரண்டையும் கணினி சேர்த்தால் முடிவு தயார்.

சந்துக்குள் ஒருவர் இன்னொருவரை முந்திவிட்டால் போச்சு. களைப்பில் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த வாரத்துக்கு ஒரு எண் குறையும். அதனால் எல்லாம் முடிந்த பிறகு டோக்கன்களைத் திரும்ப எண் வரிசைப்படி அடுக்குவதும் ஒரு வேலை. வழியில் திருப்பங்களில் நின்று கைதட்டுவது ஒரு வேலை. புதிதாக வந்தவர்களைத் தனியே அழைத்து விளக்குவது ஒரு வேலை. எதற்கும் பெரிய பயிற்சி தேவையில்லை, ஆனால் எதை விட்டாலும் அன்றைய ஓட்டம் தடுமாறும். முட்டி வலிக்காரரும், கர்ப்பிணியும், ஓடுவதே பிடிக்காத கணவரும் இந்த வேலைகளில் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இத்தனை முறை ஓடியவர்களுக்கு இருப்பது போலவே, இத்தனை முறை வேலை பார்த்தவர்களுக்கும் தனியாக டி-ஷர்ட் உண்டு.

இந்த வேலைகளிலேயே எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுவது வரிசையின் கடைக்கோடியில் நடந்து வருகிறவருடையது. எல்லோருக்கும் பின்னால் வருவதுதான் அவர் பொறுப்பு. எவ்வளவு மெதுவாக யார் நடந்தாலும், அவர் அதைவிட மெதுவாக நடப்பார், பேச்சுத்துணையாகவும் இருப்பார். ஆகவே முதன்முறை பயந்துகொண்டு வருகிறவர் கடைசியாக வர வழியே இல்லை. அந்த இடத்தை ஒரு தன்னார்வலர் முன்பே எடுத்துக்கொண்டிருக்கிறார். அவமானத்துக்குப் பயந்துதான் முக்கால்வாசிப் பேர் மைதானத்துப் பக்கமே போவதில்லை. அந்தப் பயத்தை வீர வசனம் பேசிப் போக்கப் பார்க்காமல், ஓர் ஆளை நியமித்துப் போக்கிவிட்டார்கள்.

காசு விஷயத்திலும் முதல் நாள் பிடியை விடவில்லை. ஓடுகிறவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. நன்கொடையும் நிறுவனங்களின் ஆதரவும் செலவைத் தாங்குகின்றன. இது சோதனைக்கு வந்தது 2016-இல். பிரிஸ்டல் அருகே லிட்டில் ஸ்டோக் பூங்காவில் வாரம் தவறாமல் ஓட்டம் நடந்துவந்தது. பாதை தேய்கிறது, பராமரிப்புச் செலவில் பங்கு தர வேண்டும் என்று ஸ்டோக் கிஃபர்ட் ஊராட்சி தீர்மானம் போட்டது. ஊராட்சியின் கணக்கிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பாதையைச் செப்பனிடக் காசு எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும். ஆனால் ஒரு பூங்காவில் கொடுக்கத் தொடங்கினால் எல்லாப் பூங்காவிலும் கொடுக்க வேண்டிவரும். கடைசியில் அது ஓடுகிறவரின் சட்டைப்பைக்குத்தான் வந்து சேரும். பார்க்ரன் மறுத்துவிட்டது, லிட்டில் ஸ்டோக் ஓட்டம் நின்றது. அங்கே வாராவாரம் கூடியவர்களுக்கு அது பெரிய இழப்பு. என்றாலும் அந்த மறுப்பு சரி என்றே சொல்வேன்.

கொரோனா வந்து 2020 மார்ச்சில் எல்லா இடத்திலும் ஓட்டம் நின்றது. இங்கிலாந்தில் திரும்பத் தொடங்க 2021 ஜூலை 24 ஆயிற்று. பழக்கம் விட்டுப்போனால் கூட்டமும் கலைந்துவிடும் என்று அஞ்சியது நடக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, 2011 நவம்பரில், இந்த யோசனை தான் பிறந்த மண்ணுக்கே திரும்பிப் போயிருந்தது. காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ், ஜோகன்னஸ்பர்க் டெல்டா பார்க்கில் தென்னாப்பிரிக்காவின் முதல் பார்க்ரனைத் தொடங்கிவைத்தார். நம்மவர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கிலும் சனிக்கிழமைகளில் இது நடக்கிறது. 2018-இல் பிரிட்டனின் பொதுநல மருத்துவர்கள் அமைப்பு பார்க்ரனோடு கைகோத்தது. தனிமையிலும் உடல் சோர்விலும் வாடுகிற நோயாளிகளை, பக்கத்துப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள் என்று மருத்துவர்கள் அனுப்பத் தொடங்கினார்கள். ஓடத்தான் வேண்டும் என்பதில்லை, நடக்கலாம், அல்லது டோக்கன் கொடுக்க நிற்கலாம்.

2017 நவம்பரில், இங்கிலாந்தின் கம்ப்ரியா வட்டாரத்தில் உள்ள ஹாவரிக் சிறைக்குள் ஒரு பார்க்ரன் தொடங்கியது. பிறகு வேறு சிறைகளிலும் வந்தது. ஓடுகிறவர்களிலும் வேலை பார்க்கிறவர்களிலும் கைதிகள் உண்டு, சிறை ஊழியர்களும் உண்டு. ஸ்டாப்வாட்சை அழுத்தவும் டோக்கனை அடுக்கவும் அங்கேயும் ஆள் வேண்டுமே. உள்ளே கிடைக்கிற பார்கோடும் மற்றவர்களுடையதைப் போன்றதே. விடுதலையாகி ஊருக்குப் போகிறவர், அடுத்த சனிக்கிழமை அங்குள்ள பூங்காவில் அதே பார்கோடை நீட்டலாம். எங்கிருந்து வந்தாய் என்று அங்கே கேட்கமாட்டார்கள். ஓடுகிறாயா, வேலைக்குப் பெயர் கொடுக்கிறாயா என்றுதான் கேட்பார்கள்.