உப்பு மாத்திரையும் உச்சந்தலையும்

"ஓசூர் தண்ணி உனக்கு ஒத்துக்கலடி, அதான் முடி கொட்டுது." வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து விடுதியில் தங்கும் பெண்ணுக்கு இங்கே முதலில் கிடைக்கும் வைத்தியம் இந்த வாக்கியம்தான். தண்ணீர் மேல் பழிபோட இந்த மண்ணில் காரணம் இல்லாமலில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் ஃபுளோரைடு கைவைப்பது பல்லிலும் எலும்பிலும். பெண்களின் முடி உதிர்வுக்கு இன்று மருத்துவர்கள் எழுதித் தரும் ஒரு மாத்திரையின் வரலாறோ, ஆண்களின் மார்பில் தொடங்குகிறது.

உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன். அதை மறிக்கும் புது ஸ்டீராய்டுகளைப் பற்றி 1957இல் அமெரிக்காவின் சியர்ல் நிறுவனத்து ஆய்வாளர்கள் ககாவாவும் செல்லாவும் எழுதினார்கள். மறித்தால் உப்பும் நீரும் சிறுநீரில் போய்விடும், வீக்கம் வற்றும், ரத்த அழுத்தம் இறங்கும். அப்படிப் பிறந்ததுதான் ஸ்பைரோனோலாக்டோன், கடைப் பெயர் ஆல்டாக்டோன். (முதல் கருத்தடை மாத்திரையை 1960இல் கொண்டுவந்ததும் இதே சியர்ல்தான். இந்தப் பொருத்தம் கடைசியில் உதவும்.) மாத்திரை புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அதைச் சாப்பிட்ட ஆண்கள் சிலருக்கு மார்பு வீங்கியது. உப்பு ஹார்மோனை மட்டுமல்ல, ஆண்ட்ரோஜெனையும் அது மறித்துக்கொண்டிருந்தது.

ஆணுக்குப் பக்கவிளைவு, பெண்ணுக்கு மருந்து. ஆண்ட்ரோஜென் மிகுந்த ஒரு பெண்ணுக்கு இந்த மாத்திரையால் வேண்டாத முடி குறைந்ததை 1978இல் ஓபர், ஹென்னஸி என்ற இரு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பெண் உடம்பிலும் ஆண்ட்ரோஜென் கொஞ்சம் சுரக்கும். விசித்திரம் என்னவென்றால், மோவாயில் முடியை வளர்க்கும் அதே ஹார்மோன், பரம்பரை வாகு உள்ளவர்களுக்கு உச்சந்தலையில் முடியைத் தேய்க்கும். அங்கே மறித்தால் இங்கேயும் பலிக்குமா?

சின்கிளேர் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில் 80 பெண்கள். பாதிப் பேருக்கு ஸ்பைரோனோலாக்டோன், மீதிப் பேருக்கு சைப்ரோட்டிரோன். 44 சதவீதத்தினருக்கு முடி வளர்ந்தது, 44 சதவீதத்தினருக்கு மாற்றமில்லை, 12 சதவீதத்தினருக்கு உதிர்வது தொடர்ந்தது. மருந்தே எடுக்காத ஒப்பீட்டுக் குழு அதில் கிடையாது. அமெரிக்காவில் இன்றுவரை பெண்களின் முடி உதிர்வுக்கென்று இந்த மாத்திரைக்கு அங்கீகாரமும் இல்லை. மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில்தான் எழுதுகிறார்கள். தலையில் தடவும் மினாக்ஸிடிலும் ரத்த அழுத்த மருந்தாக இருந்து வந்ததுதான். பெண்ணின் தலைக்கென்று யாரும் உட்கார்ந்து மருந்து தேடவில்லை, வேறு எதையோ தேடியபோது தட்டுப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த வரலாறு இங்கே ஏன் வேண்டும்? 1980களில் டைட்டன் வந்த ஓசூரில், இப்போது டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் மட்டுமே ஆயிரக்கணக்கான இளம்பெண்கள். தமிழில் கூந்தல், கன்னடத்தில் கூதலு, தெலுங்கில் ஜுட்டு. மூன்று மொழியிலும் கவலை ஒன்று. ஆனால் எல்லா உதிர்வும் ஹார்மோன் இல்லை. ஜன்னி மாதிரி ஒரு காய்ச்சல், திடீர் எடைக் குறைவு, இதெல்லாம் வந்து ரெண்டு மூணு மாசம் கழித்துக் கொத்துக் கொத்தாய்க் கொட்டும், பெரும்பாலும் தானே நிற்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரும்புச்சத்து இல்லாத தலைக்கு ஹார்மோனை மறித்து என்ன ஆகப்போகிறது? வகிடு வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல அகலமாவதுதான் வேறு கதை. மாத்திரைக்கு வேலை அங்கேதான்.

அந்த வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும், நிறுத்தினால் பழையபடி உதிரத் தொடங்கும். கர்ப்ப காலத்தில் சாப்பிடவே கூடாது, வயிற்றில் ஆண் குழந்தையாக இருந்தால் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். அதனால்தான் பல மருத்துவர்கள் கூடவே கருத்தடையும் சொல்கிறார்கள். விடுதிப் பெண்கள் பலர் மாப்பிள்ளை வீடு பார்க்க வருமுன் முடி அடர்த்தியாக வேண்டுமென்றுதான் மாத்திரை கேட்கிறார்கள். கல்யாணமாகி முதல் மாதத்திலேயே "விசேஷம் உண்டா?" என்று கேட்பதும் அதே வீடுதான்.