எங்கள் பெயரில் ஒரு பதில்

எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஒரு மார்கழி விடியற்காலையில் சின்னம்மா கெங்கவல்லியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தார். தலைவாசல் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். முதல் பஸ் வருவதற்கு முன்பே எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. பாதி தூரம் நடந்தும் மீதி தூரம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப்போன லாரியிலும் வந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அம்மாயி ஒன்றும் பேசாமல் வெந்நீர் வைத்தார். அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் பெரியவர்கள் நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். "குடிச்சிட்டு அடிச்சானா?" என்றார் ஒருவர். சின்னம்மா இல்லையென்று தலையாட்டினார். "சோறு போடலியா?" அதற்கும் இல்லை. "பின்ன என்னம்மா?" சின்னம்மா தரையைப் பார்த்தபடி இருந்தார். நடந்ததற்கு எங்கள் ஊரில் ஒரு சொல் இல்லை. இருந்திருந்தாலும் அந்த நான்கு ஆண்களுக்கு முன் அதைச் சொல்லியிருக்க முடியாது. "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், அதையெல்லாம் தெருவுக்குக் கொண்டாரலாமா?" என்று முடித்துவைத்தார்கள். அன்று மாலை பஸ்ஸில் சின்னம்மா திரும்பிப் போனார்.

வரலாறு படித்து, வரலாறு சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்த பிறகும் அந்தத் திண்ணை எனக்குள் இருந்தது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் நாளிதழில் ஒரு சிறிய செய்தியைப் படித்தபோது, அதே பெரியவர்கள் இப்போது தில்லியில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

மாநிலங்களவை உறுப்பினர் கனிமொழி உள்துறை அமைச்சகத்திடம் ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். திருமண உறவுக்குள் நடக்கும் வல்லுறவைக் குற்றமாக்குமாறு பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு இந்தியாவுக்குப் பரிந்துரைத்திருக்கிறதே, அரசு சட்டத்தைத் திருத்துமா என்பது அதன் சாரம். உள்துறை இணை அமைச்சர் ஹரிபாய் பார்த்திபாய் சௌத்ரி எழுத்துமூலம் பதில் தந்தார். உலக அளவில் புரிந்துகொள்ளப்படும் திருமண வல்லுறவு என்ற கருத்தை இந்தியச் சூழலுக்குப் பொருத்த முடியாது என்றது பதில். அதற்கான காரணங்களையும் அடுக்கியிருந்தது: கல்வி நிலை அல்லது எழுத்தறிவின்மை, வறுமை, பல்வேறு சமூக வழக்கங்கள், மத நம்பிக்கைகள், திருமணத்தைப் புனிதச் சடங்காகக் கருதும் சமூக மனநிலை.

இந்தப் பட்டியலை நான் பலமுறை படித்தேன். எழுத்தறிவில்லாதவர் யார்? வறுமையில் இருப்பவர் யார்? சேகோ மில்லில் கிழங்குத் தோல் சீவும் என் சின்னம்மாதான். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவருக்குச் சட்டம் வேண்டாம் என்பதற்கான காரணமாக அவரையே காட்டிவிட்டார்கள்.

நாடாளுமன்றக் கேள்விகள் எப்படி நடக்கின்றன என்பதை மாணவிகளுக்குச் சொல்லும்போது நான் இந்தக் கேள்வியில்தான் தொடங்குவேன். கேள்விகள் முக்கியமாக இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும்; உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்டு மடக்கலாம். நட்சத்திரக் குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் தந்து அவையின் மேசையில் வைத்துவிடுவார்கள். துணைக் கேள்விக்கு இடமில்லை. மக்களவையில் ஒரு நாளுக்கு முதல் வகையில் 20 கேள்விகள், இரண்டாம் வகையில் 230 கேள்விகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே கேள்வியைக் கொடுத்தாக வேண்டும். அந்த நாட்களில் அமைச்சக அதிகாரிகள் கோப்பைத் தேடி, பழைய பதில்களைப் பார்த்து, ஒரு வரைவைத் தயாரித்து மேலே அனுப்புகிறார்கள்.

எழுத்துமூலப் பதில் என்பது கூச்சலில் வாய்தவறி வந்த சொல் அல்ல. யோசித்து, திருத்தி, கையெழுத்தாகி வருவது. ஓர் அரசு எப்படி நினைக்கிறது என்று அறிய வரலாற்று மாணவிக்குக் கிடைக்கும் நேரடியான சான்று அது.

கேள்வி கேட்கும் இந்த உரிமை எப்போது வந்தது என்று பார்த்தால் பெண்களின் கதை குறுக்கே வருகிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், மனைவிக்குப் பத்து வயது ஆகியிருந்தால் கணவன் அவளோடு கொள்ளும் உறவு வல்லுறவாகாது என்று விதிவிலக்கு அளித்தது. 1890இல் கல்கத்தாவில் ஒரு வழக்கு நடந்தது. பூல்மணி தாசி என்ற சிறுமி கணவன் வலிந்து கொண்ட உறவால் இறந்துபோனாள். அவள் பத்து வயதைத் தாண்டியிருந்ததால் வல்லுறவுக் குற்றம் பொருந்தவில்லை. கவனக்குறைவால் கொடுங்காயம் விளைவித்ததாக அவனுக்கு ஓராண்டுத் தண்டனை மட்டுமே கிடைத்தது. நாடே கொதித்த பிறகு 1891 மார்ச்சில் அந்த வயது 12 ஆனது.

அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய வைஸ்ராயின் அவையில் பெண்கள் இல்லை. அது மட்டுமல்ல, அரசை நோக்கிக் கேள்வி கேட்கும் உரிமையே அந்த அவைக்கு அப்போது இல்லை. அது 1892ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909இல் வந்தது. ஒரு பெண் அந்த உரிமையோடு சென்னைச் சட்ட மேலவைக்குள் நுழைய 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்தான் முத்துலட்சுமி ரெட்டி. பெண்களின் திருமண வயதை 16ஆகவும் ஆண்களின் வயதை 21ஆகவும் உயர்த்தக் கோரும் தீர்மானத்தை அவர் அங்கே கொண்டுவந்தார். தேவதாசி ஒழிப்புக்குக் குரல் கொடுத்தபோது, மதம், வழக்கம், சாஸ்திரம் என்ற சொற்களோடுதான் அவர் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2015இன் பதிலில் வரும் காரணங்களை அவர் எளிதில் அடையாளம் கண்டிருப்பார்.

1929இல் ஜோஷி குழு, 15 வயதுக்குக் குறைந்த மனைவியிடம் கணவன் நடத்தும் வன்முறையைத் தனிக் குற்றமாக்கலாம் என்றது. அதை வல்லுறவு என்று சொல்லாமல் 'திருமணத் தவறொழுக்கம்' என்று பெயர் வைத்தது. ஒரு சொல்லைச் சொல்லாமல் தவிர்ப்பதற்கு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மட்டும் பயிற்சி பெற்றவர்கள் அல்ல. விதிவிலக்கின் வயது 1925இல் 13, 1949இல் 15 என்று நகர்ந்தது. பிறகு 68 ஆண்டுகள் அசையவில்லை. பெண்ணின் திருமண வயது 1978இல் 18 ஆன பிறகும், 15 வயதைத் தாண்டிய சிறுமியின் கணவனுக்கு அந்த விலக்கு காவலாக நின்றது.

இப்போது அந்தப் பதிலின் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

'இந்தியச் சூழல்' என்கிறார்கள். இந்த விதிவிலக்கு இந்தியாவில் பிறந்ததே இல்லை. 1837இல் மெக்காலே தலைமையிலான ஆணையம் எழுதிய வரைவில், எந்த வயது வரம்பும் இன்றி, மனைவி விஷயத்தில் வல்லுறவு என்ற பேச்சே கிடையாது என்றிருந்தது. அதன் வேர் 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நீதிபதி மேத்யூ ஹேலிடம் இருக்கிறது. மணம் முடித்தவள் தன்னைக் கணவனுக்குக் கொடுத்துவிட்டாள், அதைத் திரும்பப் பெற முடியாது என்று அவர் எழுதியது 1736இல் அச்சானது. இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1991இல் அதைத் தூக்கி எறிந்துவிட்டது. நாம்தான் அதை நம் பண்பாடு என்று சுமக்கிறோம்.

'எழுத்தறிவின்மை, வறுமை' என்கிறார்கள். நேபாளத்தின் உச்ச நீதிமன்றம் 2002இலேயே, கணவன் செய்தாலும் வல்லுறவு வல்லுறவுதான் என்று தீர்ப்பளித்தது. அந்த நாடு அப்போது நம்மைவிடப் பணக்கார நாடும் இல்லை, நம்மைவிட அதிகம் படித்த நாடும் இல்லை.

'புனிதச் சடங்கு' என்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஓர் உறுப்பினருக்கு இப்படிப் பதில் எழுதியதுதான் எனக்கு வியப்பு. புரோகிதர் இல்லாமல், தீவலம் இல்லாமல், உறவினர் நண்பர் முன்னிலையில் இருவர் ஒருவரையொருவர் ஏற்று மாலை மாற்றினாலே திருமணம் செல்லும் என்று அண்ணா தலைமையிலான அரசு 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் திருத்தம் செய்தது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தந்த அந்தத் திருத்தத்தின் உயிர் சம்மதம் என்ற சொல்லில் இருக்கிறது. மாலை மாற்றும்போது தேவைப்பட்ட சம்மதம், அன்றிரவே தேவையில்லாமல் போய்விடுமா?

பதிலில் இன்னொரு காரணமும் இருந்தது. சட்ட ஆணையம் தன் 172ஆம் அறிக்கையில் இதைப் பரிந்துரைக்கவில்லை என்றார்கள். அந்த அறிக்கை 2000ஆம் ஆண்டினுடையது. அதற்குப் பிறகு, தில்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமையை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, 2013 ஜனவரியில் இந்த விதிவிலக்கை நீக்கச் சொன்னது. பழைய அறிக்கையை எடுத்துக்காட்டி, புதிய அறிக்கையை விட்டுவிடுவதும் பதில் எழுதும் கலைதான். எழுத்துமூலப் பதிலைப் படிக்கும் பெண்கள், அதில் இருப்பதோடு இல்லாததையும் தேடப் பழக வேண்டும்.

2016 மார்ச்சில் இதே பொருளில் இன்னொரு கேள்வி வந்தது. இம்முறை பதில் தந்தது பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம். அமைச்சர் மேனகா காந்தி. பதில் ஏறக்குறைய அதே வாக்கியம். அதே எழுத்தறிவின்மை, அதே வறுமை, அதே புனிதம். கையெழுத்திடுபவர் பெண்ணாக இருந்தால் பதில் மாறும் என்று நான் நம்பியிருந்தேன். கோப்புக்கு ஆண், பெண் தெரியாது. போன முறை என்ன எழுதினோம் என்பதுதான் தெரியும்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விதிவிலக்கின் வயதை 15இலிருந்து 18 ஆக்கியது. 2022 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்புகள் தந்தார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் விதிவிலக்கு 63ஆம் பிரிவில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில், இதை வல்லுறவுக் குற்றமாக்குவது அளவுக்கு மீறிய கடுமையாகிவிடும் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தது. கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். எழுத்தறிவின்மையும் வறுமையும் இப்போது முன்னால் நிற்கவில்லை. அந்தக் காரணங்களைப் பொதுவெளியில் பெண்கள் கிழித்துப்போட்ட பிறகு, அரசு வேறு சொற்களைத் தேட வேண்டியிருந்தது என்றே நான் புரிந்துகொள்கிறேன். கேள்வி சட்டத்தை மாற்றவில்லை. ஆனால் மனதில் இருந்ததைக் காகிதத்தில் எழுத வைத்தது. எழுதியதை எதிர்த்துப் பேச முடியும். திண்ணையில் சொன்னதை அப்படி எதிர்க்க முடியாது.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் தெரு மகளிர் குழுக் கூட்டத்தில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அந்தச் சட்டம் பாலியல் வன்முறையையும் குடும்ப வன்முறையாக ஏற்கிறது, பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை கேட்கலாம் என்று சொன்னேன். பிறகு அந்த 2015ஆம் ஆண்டுப் பதிலைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தவணைப் பணம் எண்ணிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

சின்னம்மாவும் வந்திருந்தார். கணவர் இறந்து பல வருடமாகிறது. மகன் வீட்டில் இருக்கிறார். சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர்தான் முதலில் பேசினார்.

"படிக்காதவங்களுக்கு வலிக்காதுன்னு எழுதியிருக்காங்களா, கண்ணு?"

"அப்படித்தான் அர்த்தம் வருது சின்னம்மா."

"நம்மகிட்ட வந்து யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

முப்பது வருடங்களுக்கு மேல் அவர் அந்த மார்கழியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, என் கையைப் பிடித்து எழுந்துகொண்டே கேட்டார்:

"அந்தக் கேள்விய கேட்டது ஒரு பொம்பளதானா?"

"ஆமா சின்னம்மா."

"வந்த பதில் சரியில்லைன்னு நீதானே சொல்ற. அப்ப திரும்பவும் கேக்கச் சொல்லு."