இத்தாலிய வம்சாவளிக் குடியுரிமையும் தாய்வழி உரிமையும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இத்தாலியர் பலர் பிழைப்புத் தேடி அர்ஜென்டினா, பிரேசில், அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியேறினர். இவர்களின் வழித்தோன்றல்கள் மூதாதையரின் பிறப்பு, திருமணச் சான்றுகளைக் காட்டி இத்தாலியக் குடியுரிமை கோரலாம். இரட்டைக் குடியுரிமையை 1992ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது.

ஆனால் 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமை பெரும்பாலும் தந்தைவழியாகவே பிள்ளைகளைச் சேர்ந்தது. ஆண், பெண் சமத்துவத்தை ஏற்ற அரசியலமைப்பு 1948 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தாய்வழி உரிமையை அரசியலமைப்பு நீதிமன்றம் 1983இல் ஏற்றபோதும், அது 1948க்குப் பின் பிறந்தோருக்கே பொருந்தியது. எனவே ஒரே தாய்க்கு 1947இல் பிறந்த பிள்ளை உரிமை பெறவில்லை. 1949இல் பிறந்த பிள்ளை பெற்றது.

2009இல் வெளிவந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மூத்த பிள்ளையின் வழியினருக்கும் வழக்குத் தொடுத்து உரிமை பெற வழிவகுத்தது. 2025இல் வந்த சட்டமோ, வெளிநாட்டில் பிறந்தோரின் வம்சாவளி உரிமையைப் பொதுவாகப் பெற்றோர், தாத்தா பாட்டி தலைமுறைகளோடு நிறுத்தியது.