பாகூர் காலேஜும் பக்கத்து ஊர் நெல்லும்

ப்ளஸ் டூ முடிச்சு புதுசா ஹாஸ்டலுக்குப் போன நிறைய பேர் மெசேஜ் அனுப்பியிருந்தீங்க. மெஸ் சாப்பாடு இறங்கல, வீட்டு ஞாபகம், கிளாஸ்ல எல்லாமே இங்கிலீஷ். இது ஆறுதல் சொல்ற எபிசோட் இல்ல, வழக்கம்போல வரலாறுதான். ஆனா ஹாஸ்டல், மெஸ், புரியாத மொழி எல்லாம் இதுலயும் வரும்.

எனக்கு ஊர் கரையாம்புத்தூர். புதுச்சேரி டவுன்ல இருக்கிறவங்களுக்கே "அது எந்தப் பக்கம்?"னு கேட்கத் தோணும். பாகூர் பக்கம். அந்தப் பாகூர்ல 1879-ல, பிரெஞ்சு ஆட்சி நடந்துட்டிருந்தப்போ, சில செப்பேடுகள் கிடைச்சது. பிறகு அது பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போயிடுச்சு. பல்லவ அரசன் நிருபதுங்கனோட எட்டாம் ஆட்சியாண்டுல எழுதினது, அதாவது 9-ஆம் நூற்றாண்டு. ஊரோட அன்றைய பேர் வாகூர். அங்கே இருந்த ஒரு 'வித்யாஸ்தானத்துக்கு' மூணு கிராமத்தைக் கொடுத்ததா அதுல எழுதியிருக்கு. வித்யாஸ்தானம்னா கல்விக்கான இடம். நம்ம பாஷையில காலேஜ்.

மூணு கிராமம்: சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. நடுவுல இருக்கிற பேரைப் படிச்சா எங்க ஊர்க்காரங்க யாருக்கும் பக்கத்துல இருக்கிற கடுவனூர்தான் ஞாபகம் வரும்.

ஒரு கிராமத்தைக் காலேஜுக்குக் "கொடுக்கிறது"ன்னா என்ன? கிராமத்தைத் தூக்கிட்டுப் போய்க் கொடுக்க முடியாது. அந்த நிலத்துல இருந்து அரசனுக்குப் போக வேண்டிய வருமானம் இனி காலேஜுக்குப் போகும். பல்லவர் செப்பேடுகள்ல இப்படி விட்டுக்கொடுக்கிற வரிகளைப் பட்டியலே போடுவாங்க: செக்கு, தறி, தட்டார் கொடுக்கிறது, கள் இறக்குறவங்க கொடுக்கிறதுன்னு நீளமாப் போகும். ஆக, காலேஜ் ஃபீஸைப் படிக்கிறவங்க கட்டல. நெல் விளைவிச்சவங்களும், தறி நெய்தவங்களும், செக்கு ஓட்டினவங்களும் கட்டினாங்க.

பாகூர்ல மாணவர்கள் அன்றாடம் எப்படி வாழ்ந்தாங்கன்னு அந்தச் செப்பேடு சொல்லல. அதுக்கு 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகளுக்குப் போகணும். விழுப்புரம் மாவட்டத்துல எண்ணாயிரம்னு ஒரு ஊர். ராஜேந்திர சோழன் காலத்துல அங்கே 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். இளைய மாணவருக்கு ஒரு நாளைக்கு 6 நாழி நெல். மேல்படிப்பு மாணவருக்கு ஒரு குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. யூஜி, பிஜி ஸ்டைபெண்ட் வித்தியாசம் அன்னிக்கே இருந்திருக்கு.

காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயில்ல வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இன்னும் நுணுக்கம். விடுதி மாணவர்களுக்குச் சாப்பாடு, படுக்கப் பாய், ராத்திரி விளக்கு, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய். எல்லாத்துக்கும் ஒதுக்கீடு இருக்கு. கூடவே 15 படுக்கையோட ஒரு ஆஸ்பத்திரி. எனக்கு இதுல பிடிச்சது அந்தச் சனிக்கிழமை எண்ணெய்தான். வீட்டுல அம்மா தேய்ச்சு விடுற எண்ணெயைக் கோயில் கணக்குல எழுதணும்னு யாருக்கோ தோணியிருக்கு.

மொழிப் பிரச்சினைக்கு வருவோம். வீட்டுல, தெருவுல பேசுறது தமிழ். பாடம் சமஸ்கிருதம். எண்ணாயிரத்துல இளைய மாணவர் 270 பேர்ல 40 பேர் படிச்சது 'ரூபாவதாரம்'. பாணினியோட இலக்கணத்தைத் தொடங்குறவங்களுக்காக எளிமையாக்கின புத்தகம், கிட்டத்தட்ட பிரிட்ஜ் கோர்ஸ். அதை எழுதின தர்மகீர்த்தி ஒரு பௌத்தர். வேதம் படிக்கிற பையன் இலக்கணத்துக்குப் பௌத்தர் எழுதின புத்தகத்தைக் கையில எடுத்திருக்கான். நல்ல நோட்ஸ் யார் எழுதினா என்னன்னு விட்டிருக்காங்க போல.

இதையெல்லாம் முதல் வருஷம் ஹாஸ்டல்ல நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து அளந்துட்டிருந்தேன். "எங்க ஊர்ல ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடியே காலேஜ்டா." என் ரூம்மேட் சட்டையை மடிச்சுக்கிட்டே கேட்டான்: "சரிடா, உங்க தாத்தாவோட தாத்தாவுக்குத் தாத்தாவை உள்ள விட்டிருப்பாங்களா?"

விட்டிருக்க மாட்டாங்க. இந்தக் கல்லூரிகள் வேதம் ஓதுற பிராமண மாணவர்களுக்கானது. பெண்களுக்கு அங்கே இடமில்ல. கடுவனூர் மாதிரி ஒரு ஊர்ல நெல் அறுத்தவங்களுக்கு அந்தக் காலேஜோட உறவு களத்துமேட்டுல முடிஞ்சிடும். மூட்டை உள்ள போகும், ஆள் போக முடியாது.

அதுக்காக அந்தக் கல்வெட்டுகளைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரல. வாட்ஸ்அப்ல "நம்மகிட்ட எல்லாம் இருந்துச்சு"ன்னு வர்ற ஃபார்வர்டைப் பார்த்தா இப்போ நான் முதல்ல தேடுறது நெல் கணக்கைத்தான். எவ்வளவு, யார்கிட்ட இருந்து, யாருக்கு. எந்த வகுப்பிலும் எனக்கு இது கிடைக்கல. சட்டை மடிச்சுக்கிட்டே கேட்ட அந்த ஒரு கேள்வியில கிடைச்சது.

மத்ததைச் சீக்கிரம் சொல்லிடுறேன். 1954-ல பிரெஞ்சு நிர்வாகம் கைமாறுச்சு. 1961-ல தாகூர் கலைக் கல்லூரி, 1984-ல பொறியியல் கல்லூரி, 1985-ல புதுச்சேரி பல்கலைக்கழகம். என் தாத்தா கைநாட்டு. அப்பா பத்தாவது. எங்க வீட்டுல முதல் டிகிரி என்னோடது. பாகூர் செப்பேட்டுல இருந்து அந்த டிகிரி வரைக்கும் இடையில கிட்டத்தட்ட 1,150 வருஷம். பஸ்ல பாகூருக்குப் போக அவ்வளவு நேரம் ஆகாது.

கடைசியா ஒண்ணு. திருபுவனை தெரியும்ல? விழுப்புரம் ரோட்டுல, தொழிற்பேட்டை இருக்கிற இடம். அங்கேயும் 1048-ல ஒரு கல்லூரி: 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள், 72 வேலி நிலம். படிக்கிறவங்களும் பாடம் சொல்றவங்களும் ஊர் வாரியங்கள்ல வேலை பார்க்க வேண்டாம்னு விலக்கு வேற கொடுத்திருக்காங்க. வரதராஜப் பெருமாள் கோயில். புதுச்சேரியில படிக்கிறவங்க ஒரு ஞாயித்துக்கிழமை போயிட்டு வாங்க. கூட உங்க ரூம்மேட்டையும் கூட்டிட்டுப் போங்க.