ஆமை நடை: வேடிக்கையாகும் முன் அது காவல்

ஜனவரி பிறந்துட்டா போதும், வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பிக்கும்: சென்னைக் கடற்கரையில் ஆமை பார்க்கலாம், பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க. எங்க வேலூர், ஆம்பூர் பக்கத்திலிருந்தும் கிளம்புகிறார்கள். கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்கு நல்ல வார இறுதிதான். இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது என்று தேடிப் போனால், ஒரு பக்கம் முட்டை வியாபாரம், இன்னொரு பக்கம் தோல் வியாபாரம் வந்து நிற்கிறது. ஆம்பூர்க்காரனான நான் இதை எழுதுவது அந்த இரண்டாவது பக்கத்துக்காக.

முதலில் முட்டை. நம்ம கரைக்கு வருவது பெரும்பாலும் ஆலிவ் ரிட்லி. பங்குனி ஆமை என்பது நம்மூர்ப் பெயர். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெண் ஆமை இரவில் மணலேறி, குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். 1970-களின் தொடக்கத்தில் அந்த முட்டையைத் தோண்டி எடுத்து விற்பவர்கள் இருந்தார்கள். மிச்சத்தை நாய் தின்றது. சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் இரவுகளில் கடற்கரையில் நடக்க ஆரம்பித்தது இதற்காகத்தான். மற்றவர்கள் கைக்குப் போகும் முன் முட்டையை எடுத்து, வேலி போட்ட இடத்தில் திரும்பப் புதைத்தார்கள். ஆக, ஆமை நடை என்பது ராக்காவலாகப் பிறந்தது.

அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர் சதீஷ் பாஸ்கர், சென்னை ஐஐடியில் பொறியியல் படிக்க வந்தவர். படிப்பை விட்டு ஆமை பின்னால் போனார். இந்தியக் கடற்கரையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஆய்வு செய்தார். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத் தீவு ஒன்றில் ஐந்து மாதம் தனியாக இருந்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தை பாட்டிலில் அடைத்துக் கடலில் விட, அதை இலங்கை மீனவர் ஒருவர் எடுத்து அவருக்கே அனுப்பி வைத்தார். அதே பி.இ. படிப்பைப் படித்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் போன்றவர்களுக்குக் கொஞ்சம் பொறாமை வரத்தான் செய்யும்!

இப்போ தோலுக்கு வருவோம். அந்தக் காலத்தில் பாம்புத் தோல் பெரிய ஏற்றுமதிச் சரக்கு. பிடித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் இருளர்கள். 1976-ல் ஏற்றுமதி தடை செய்யப்பட, அவர்கள் பிழைப்பு போனது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, திரும்பவும் காட்டில் விட்டுவிடுவார்கள். நம் மருத்துவமனைகளில் போடும் விஷமுறிவு ஊசிக்கு மூலப்பொருள் அதுதான். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் விஷம் எடுப்பதைக் குடும்பத்தோடு பார்க்கலாம்.

ஆமைக்கும் தோல் கதை உண்டு. இதே ரிட்லியின் கழுத்து, துடுப்புத் தோலுக்காக மெக்சிகோவில் லட்சக்கணக்கில் கொன்றார்கள். செருப்பாகவும் பையாகவும் போனது. 1990-ல் தடை வந்தபின், வெட்டுக்கூடத்தை நம்பியிருந்த மசுந்தே என்ற கடலோர ஊரில் ஆமை மையம் எழுந்தது. இன்று அந்த ஊருக்கு ஆட்கள் வருவதே ஆமையைப் பார்க்கத்தான்.

எங்க ஊர்த் தோல் வேறு கணக்கு. ஆடு, மாடு, எருமை எல்லாம் கறிக்காக வெட்டியதன் மிச்சம். தோலுக்காக எதையும் வேட்டையாடுவதில்லை. அதற்காக நாங்க சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. தோல் பதனிடும் கழிவு பாலாற்றுக்கு என்ன செய்தது என்பதை 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சொல்கிறது. அந்தப் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடலில் சேர்கிறது. பங்குனி ஆமை ஏறும் அதே கரை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். 1988-ல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் நடக்கிறது. கிளம்பவே ராத்திரி பதினொன்றைத் தாண்டும். முடிய விடிகாலை ஆகிவிடும். டார்ச், ஃபிளாஷ் கூடாது. ஆமையே வராத இரவும் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் நடையை விட்டுவிட்டு, மார்ச், ஏப்ரல் மாலைகளில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது போங்க. குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் ஓடும். தெருவிளக்கைக் கடல் என்று நம்பி ரோட்டுக்கு வந்துவிடும். ஏன் விளக்கை அணைக்கணும் என்று பிள்ளைகளுக்கு அங்கே சொன்னால் மறக்காது.

நடப்பவர்கள் செத்து ஒதுங்கிய ஆமைகளையும் எண்ணுகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கித்தான் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகில் இழுவலை கூடாது என்று சட்டம் இருக்கிறது. முட்டைத் திருட்டை நடந்தே தடுத்துவிட்டார்கள். அஞ்சு மைல் தள்ளி நடப்பதற்குக் கரையில் நடந்தால் மட்டும் பத்தாது. ஆனால் செத்ததை எண்ண ஆள் இருப்பதால், நடக்கவே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.