பாலிபுரோப்பிலீன் காப்புரிமை வழக்கில் முதன்மையை நிறுவுதல் (1951–1983)

படிகத் தன்மையுடைய பாலிபுரோப்பிலீன் என்றவுடன் வேதியியல் வரலாறு முன்னிறுத்தும் பெயர், 1963இல் கார்ல் சீக்லருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இத்தாலிய அறிஞர் ஜூலியோ நாட்டாவினுடையது. ஆனால் அப்பொருளுக்கான அமெரிக்கக் காப்புரிமை 1983இல் பிலிப்ஸ் பெட்ரோலிய நிறுவனத்திற்கே சென்றது. ‘முதலில் கண்டுபிடித்தவர்’ என்ற தொடருக்கு ஆய்வுலகம் கொள்ளும் பொருளும் நீதிமன்றம் கொள்ளும் பொருளும் ஒன்றல்ல என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

1951 ஜூன் மாதம், ஓக்லஹோமா மாநிலத்துப் பார்ட்லஸ்வில்லில் பால் ஹோகனும் ராபர்ட் பேங்க்ஸும் புரோப்பிலீன் வாயுவிலிருந்து பெட்ரோலுக்கான கூறுகளைப் பெற முயன்றுகொண்டிருந்தனர். நிக்கல் ஆக்சைடு வினையூக்கியுடன் குரோமியம் ஆக்சைடைச் சேர்த்தபோது, எதிர்பாராத வெண்ணிறத் திண்மம் ஒன்று கிடைத்தது. 1953 ஜனவரி 27 அன்று அவர்களது விண்ணப்பம் தாக்கலாயிற்று. நாட்டாவின் சோதனை 1954 மார்ச்சில் மிலானில் நிகழ்ந்தது. இத்தாலிய விண்ணப்பம் அவ்வாண்டு ஜூன் 8ஆம் நாளுக்குரியது. மூலக்கூறுச் சங்கிலியின் ஒழுங்கமைப்பை எக்ஸ் கதிர் ஆய்வால் விளக்கியவர் நாட்டாவே. அறிவியல் நோக்கில் இதுவே பெரிய பங்களிப்பு எனலாம்.

1958இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் முன்னுரிமை விசாரணையைத் தொடங்கியது. நாட்டாவின் ஆய்வுக்குத் துணைநின்ற மாண்டேகாட்டினி, பிலிப்ஸ், டூபாண்ட், ஹெர்குலிஸ், இந்தியானா ஸ்டாண்டர்டு ஆயில் ஆகிய ஐந்து தரப்புகள் உரிமை கோரின. அன்றைய அமெரிக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டு ஆய்வகத்தில் நடந்த பணியைக் கொண்டு கண்டுபிடிப்பின் தேதியை நிறுவ இயலாது; அயல்நாட்டு விண்ணப்பத் தேதியை மட்டுமே துணைக்கொள்ளலாம். எனவே மிலான் ஆய்வகக் குறிப்பேடுகள் இதில் சான்றாகப் பயன்படவில்லை. அமெரிக்க மண்ணில் ஆய்வு செய்த போட்டியாளருக்கு எதிரே இது நாட்டாவுக்குப் பாதகமான விதி. எனினும் அவர் தோற்றதற்கு இதைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. மார்ச் சோதனையைக் கணக்கில் கொண்டாலும் அது பிலிப்ஸின் விண்ணப்பத்திற்கு ஓராண்டுக்கு மேல் பிந்தியதே.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது. விசாரணைக்குரிய வரையறை மூன்று கூறுகளை மட்டுமே வேண்டியது: பொருள் இயல்பு நிலையில் திண்மமாக இருத்தல், அடிப்படையில் தொடர்ந்து வரும் புரோப்பிலீன் அலகுகளால் ஆகியிருத்தல், கணிசமான படிகப் பகுதியைக் கொண்டிருத்தல். சங்கிலியின் ஒழுங்கமைப்பை விளக்கியிருக்க வேண்டும் என்பது அதில் இல்லை. ஆகவே 1953 விண்ணப்பம் இப்பொருளைப் போதிய அளவு வெளிப்படுத்தியதா என்பதே தீர்வுக்குரிய வினாவாயிற்று.

1971இல் காப்புரிமை அலுவலகம் நாட்டாவுக்குச் சாதகமாக முடிவு செய்தது. 1973இல் காப்புரிமையும் வழங்கப்பட்டது. தோற்றவர்கள் டெலவேர் கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகினர். 1980இல் நீதிபதி கேலப் ரைட் முன்னுரிமையைப் பிலிப்ஸுக்கு அளித்தார். மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று. நாட்டா 1979இலேயே காலமாகிவிட்டார்.

அக்காலக் காப்புரிமையின் ஆயுள் வழங்கப்பட்ட நாளிலிருந்து 17 ஆண்டுகள். இதனால் நீண்ட தாமதம் வென்றவருக்கு ஆதாயமாகவே முடிந்தது. 1953இல் விண்ணப்பிக்கப்பட்ட கண்டுபிடிப்பின் மீதான தனியுரிமை 2000ஆம் ஆண்டு வரை நீடித்தது.